உத்திரத்தில் ஒட்டிய தகடும் அதைத் தாங்கும் கான்கிரீட் தோலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கான்கிரீட் கட்டடங்களை இடிக்காமல் வலுப்படுத்தும் முறைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைக் கவனமாகப் படித்தேன். உத்திரங்களின் அடிப்பக்கத்தில் எஃகுத் தகட்டையோ கார்பன் இழைத் தகட்டையோ எபாக்சிப் பசையால் ஒட்டி வலுவூட்டும் முறையைப் பொது வாசகர்களுக்குப் புரியும்படி எழுதியிருந்தது பாராட்டுக்குரியது. ஆயினும், கார்பன் இழைத் தகடு எஃகைவிடப் பல மடங்கு வலிமையானது, பசையோ கான்கிரீட்டைவிட வலிமையானது, ஆகவே இரண்டையும் சேர்த்தால் கவலைக்கு இடமில்லை என்ற பொருள்பட அக்கட்டுரையில் வந்த பகுதி, ஒரு கட்டமைப்புப் பொறியாளர் என்ற முறையில் என்னை எழுதத் தூண்டியது. தகடும் பசையும் வலிமையானவை என்பது உண்மை. ஆனால் அவற்றின் வலிமை எவ்வளவு என்பதைப் பொறுத்து இந்த உத்திரங்கள் நிற்பதில்லை. தகட்டுக்கும் உத்திரத்துக்கும் இடையே விசை கைமாறும் அந்த மெல்லிய எல்லையில் தோன்றும் பிணைப்புத் தகைவும் (ஒரு சதுர மி.மீ. பரப்பின் மேல் விழும் விசையே தகைவு), அதைத் தாங்க வேண்டிய கான்கிரீட் மேல்தோலின் நிலையுமே முடிவைத் தீர்மானிக்கின்றன. இதை விளக்கமாகச் சொல்லத் தங்கள் பக்கங்களில் இடம் கோருகிறேன்.

முறை புதியதன்று. 1964இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் உத்திரங்களில் வைக்க வேண்டிய கம்பிகள் கட்டுமானத்தின்போது தவறுதலாக விடுபட்டுப் போனதால், எஃகுத் தகடுகளை வெளியிலிருந்து ஒட்டி அக்குறையை ஈடுசெய்தார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்சில் லெர்மித், பிரசோன் ஆகியோர் இம்முறையை ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்தார்கள். 1975இல் பிரிட்டனின் எம்5 நெடுஞ்சாலையில் குயின்டன் சந்திப்புப் பாலங்கள் எஃகுத் தகடுகளால் வலுப்படுத்தப்பட்டன. 1991இல் சுவிட்சர்லாந்தின் லூசர்ன் அருகே இபாக் பாலத்தில், போக்குவரத்து விளக்கு நிறுவத் துளையிட்டபோது முன்தகைவுக் கம்பி (கான்கிரீட்டை அமுக்கி வைக்க முன்கூட்டியே இழுத்துக் கட்டிய கம்பி) ஒன்று அறுபட்டுவிட, முதன்முறையாகக் கார்பன் இழைத் தகடுகளைக் கொண்டு பழுது நீக்கினார்கள். எஃகாக இருந்தால் 175 கிலோ தேவைப்பட்டிருக்கும் இடத்தில் வெறும் 6.2 கிலோ கார்பன் இழைத் தகடு போதுமானதாக இருந்தது. இந்த ஒப்பீடு அன்றுமுதல் இன்றுவரை விளம்பரங்களில் இடம்பெற்று வருகிறது. அதே ஆண்டுகளில் ஆய்வுக்கூடங்களில் தகடுகள் எப்படிப் பிரிந்து விழுந்தன என்பது மட்டும் பொதுமக்கள் காதுக்கு எட்டவில்லை.

உத்திரம் பாரம் தாங்கி வளையும்போது அதன் மேற்பகுதி அமுங்குகிறது, அடிப்பகுதி இழுபடுகிறது. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. எனவே அடியில் கம்பி வைக்கிறோம். அக்கம்பி போதவில்லை என்னும்போது, வெளியில் ஒட்டும் தகடு கூடுதல் கம்பியைப் போலவே இழுவிசையை ஏற்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் கம்பிக்கும் வெளியே இருக்கும் தகட்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் கான்கிரீட் சூழ்ந்திருக்கிறது. அதன் மேலுள்ள முகடுகள் கான்கிரீட்டைப் பற்றிக்கொள்கின்றன. வளையக் கம்பிகள் அதைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. தகட்டுக்கு ஒரே ஒரு முகம்தான். அந்த முகத்தின் வழியாகவே அதன் இழுவிசை முழுவதும் உத்திரத்துக்குள் செல்ல வேண்டும். அந்த முகம் விட்டுப்போனால் தகடு வெறும் சுமையாகத் தொங்கும்.

அம்முகத்தில் மூன்று பொருள்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன: தகடு, பசை, கான்கிரீட். நல்ல எபாக்சிப் பசையின் இழுவலிமை 20 முதல் 30 மெகாபாஸ்கல் வரை இருக்கும் (சதுர மி.மீட்டருக்கு ஒரு நியூட்டன் விசை என்பதே ஒரு மெகாபாஸ்கல்). சாதாரணக் கான்கிரீட்டின் இழுவலிமை 2 அல்லது 3 மெகாபாஸ்கல்தான். ஆகவே பசை சரியாகப் பூசப்பட்டிருந்தால், பிரிவு பசையில் நிகழ்வதில்லை. பசைக்குச் சில மில்லிமீட்டர் உள்ளே, கான்கிரீட்டுக்குள் நிகழ்கிறது. பிரிந்து விழுந்த தகட்டைத் திருப்பிப் பார்த்தால் அதன் மேல் கான்கிரீட்டின் மெல்லிய தோல் ஒட்டிக்கொண்டிருக்கும். பசை கான்கிரீட்டைவிட வலிமையானது என்று கட்டுரை குறிப்பிட்டதன் உண்மையான பொருள் இதுதான்: மூன்றில் நலிந்தது கான்கிரீட், அதுதான் முதலில் போகும். அந்த அடுக்கில் எவ்வளவு தகைவு வருகிறது என்று கணக்கிடாமல், பசையின் விவரத்தாளில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் காட்டி ஆறுதல் கொள்வதில் பயனில்லை.

தகைவு எவ்வளவு வரும் என்பதைப் பார்ப்போம். தகட்டில் உள்ள இழுவிசை அதன் நீளத்தில் எங்கெல்லாம் மாறுகிறதோ அங்கெல்லாம் பிணைப்புத் தகைவு தோன்றும். மாற்றம் எவ்வளவு விரைவானதோ தகைவும் அவ்வளவு பெரிது. 4 மி.மீ. கனமுள்ள எஃகுத் தகடு ஒன்று உத்திரத்தின் நடுவில் 200 மெகாபாஸ்கல் தகைவை ஏற்கிறது என்று கொள்வோம். ஒவ்வொரு மி.மீ. அகலத்துக்கும் அங்கே 800 நியூட்டன் இழுவிசை இருக்கிறது. தகட்டின் முனையில் இழுவிசை பூச்சியம். முனைக்கும் நடுவுக்கும் இடையே ஏறத்தாழ 2 மீட்டர் இருந்தால், சராசரிப் பிணைப்புத் தகைவு 0.4 மெகாபாஸ்கல் மட்டுமே. கான்கிரீட்டின் வலிமை அதைப்போல் ஐந்தாறு மடங்கு. கணக்கை இங்கேயே நிறுத்திவிட்டு, எல்லாம் நலம் என்று முடிவு செய்யும் வழக்கம் இன்றும் இருக்கிறது. என் கவலையின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஏனெனில் சராசரி என்பது முனையில் நடப்பதை முற்றிலும் மறைத்துவிடுகிறது. தகட்டை உத்திரத்தின் தாங்குமுனை வரை கொண்டுசெல்ல முடிவதில்லை. தூணோ சுவரோ குறுக்கிடுவதால் சற்று முன்பே நிறுத்த வேண்டியிருக்கிறது. நிறுத்திய இடத்திலும் உத்திரம் வளையத்தான் செய்கிறது. அந்த இடத்து வளைவுக்கு ஏற்பத் தகடு ஏற்க வேண்டிய இழுவிசை ஒன்று உண்டு. ஆனால் வெட்டிவிட்ட முனையில் அது பூச்சியமாகத்தான் இருக்க முடியும். எனவே அந்த விசை முழுவதும் முனைக்கு அருகே, மிகக் குறுகிய தூரத்துக்குள் தகட்டுக்குள் புகுந்தாக வேண்டும். மேலே சொன்ன அதே தகடு, சுமார் 4.2 மீட்டர் நீளமுள்ள உத்திரத்தில், சீராகப் பரவிய பாரத்தின் கீழ், தாங்குமுனையிலிருந்து 11 செ.மீ. தள்ளி நிறுத்தப்பட்டிருந்தால், அங்கே வளைவு நடுவில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். தகடு ஏற்க வேண்டிய தகைவு 20 மெகாபாஸ்கல், அதாவது ஒவ்வொரு மி.மீ. அகலத்துக்கும் 80 நியூட்டன். 2 மி.மீ. கனமுள்ள வழக்கமான எபாக்சி அடுக்கின் விறைப்பைக் கொண்டு கணக்கிட்டால், இந்த 80 நியூட்டனின் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள்ளேயே கைமாறிவிடுகிறது. முனையில் எழும் தகைவு ஏறத்தாழ 3.5 மெகாபாஸ்கல். சராசரியைப்போல் ஒன்பது மடங்கு! தகட்டை 11 செ.மீட்டருக்குப் பதில் 22 செ.மீ. தள்ளி நிறுத்தினால், அது கிட்டத்தட்ட இரண்டு மடங்காகி, எந்தக் கான்கிரீட்டும் தாங்காத அளவை எட்டிவிடும்.

இந்தக் கணக்கு புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. இணைப்புகளில் விசை முனைகளில் குவியும் விதத்தை 1938இலேயே ஜெர்மானியர் ஃபோல்கர்சன் கணித வடிவில் எழுதிவிட்டார். 1944இல் கோலண்டும் ரைஸ்னரும் ஒட்டிய இணைப்புகள் உரிந்து பிரியும் போக்கை அதனுடன் சேர்த்துக் கணக்கிட்டார்கள். கான்கிரீட் உத்திரங்களுக்கு ஏற்ற வடிவில் 1989இல் ராபர்ட்சும், பின்னர் 2001இல் ஸ்மித், டெங் ஆகியோரும் தந்த சூத்திரங்கள் ஒரு தாளில் கையால் போட்டுப் பார்க்கக்கூடியவை. இவை, பாரம் நீங்கியதும் பொருள் பழைய வடிவுக்குத் திரும்பிவிடும் என்று கொள்ளும் நெகிழ்ச்சிக் கோட்பாட்டைச் சார்ந்தவை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நுண்விரிசல்கள் தோன்றியதும் உச்சத் தகைவு சற்றுத் தளர்ந்து பின்னே பரவும். ஆகவே கணக்கில் 3.5 வந்தவுடனே தகடு விழுந்துவிடும் என்று பொருளில்லை. ஆனால் எந்த இடம் ஆபத்தானது, எதை மாற்றினால் ஆபத்து குறையும் என்பதை இந்தச் சூத்திரங்கள் ஐயமின்றிக் காட்டுகின்றன.

முனையில் வருவது நீளவாக்கில் இழுக்கும் வெட்டுத் தகைவு மட்டுமன்று. தகட்டின் இழுவிசை அதன் கனத்தின் நடுவில் செயல்படுகிறது. பசையோ அதன் மேல்முகத்தில் பிடித்திருக்கிறது. இந்தச் சிறிய விலகலால் தகட்டின் முனை கீழ்நோக்கி வளைந்து பிரிய முயல்கிறது. அதைத் தடுக்கும் வகையில் கான்கிரீட்டை நேர்செங்குத்தாகப் பிய்த்து இழுக்கும் உரிப்புத் தகைவு எழுகிறது. ஒட்டிய தாளை நீளவாக்கில் இழுத்தால் எளிதில் வராது, ஓரத்தை நிமிர்த்தி இழுத்தால் உடனே வந்துவிடும் என்பதை நினைத்தால், இந்த இரண்டும் சேரும்போது என்ன ஆகும் என்பது விளங்கும். தகடு எவ்வளவு கனமோ விலகலும் அவ்வளவு கூடும். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் சுவாமியும் ஜோன்சும் உடன்பணியாற்றியவர்களும் நடத்திய சோதனைகளிலிருந்து ஓர் எளிய வழிகாட்டல் பிறந்தது: எஃகுத் தகட்டின் அகலம் அதன் கனத்தைப்போல் குறைந்தது 50 மடங்காவது இருக்க வேண்டும். 4 மி.மீ. தகடு என்றால் 200 மி.மீ. அகலம். இடம் போதவில்லை என்று குறுகலான கனத்த தகட்டை வைப்பதும், அகலமான மெல்லிய தகட்டை வைப்பதும் எடைக்கணக்கில் ஒன்றாக இருக்கலாம். பிணைப்புக் கணக்கில் அவை இரண்டும் வேறு வேறு உலகங்கள்.

முனையில் தொடங்கும் பிரிவு எப்படி முடிகிறது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். தகடு முடியும் இடத்தில் ஒரு விரிசல் தோன்றிச் சாய்வாக மேலே ஏறுகிறது. உள்ளே இருக்கும் முக்கியக் கம்பிகளின் மட்டத்தை அடைந்ததும் அது திரும்பிக் கம்பிகளின் ஓரமாகக் கிடையாக ஓடுகிறது. ஏனெனில் கம்பிகள் அடைத்திருக்கும் அந்த மட்டத்தில்தான் கான்கிரீட்டின் நிகர அகலம் மிகக் குறைவு. முடிவில் தகடு, பசை, கம்பிக்குக் கீழுள்ள கவர் கான்கிரீட் ஆகிய மூன்றும் ஒரே பாளமாகப் பெயர்ந்து விழுகின்றன. சாதாரண உத்திரம் மிகைப் பாரத்தால் தளரும்போது கம்பி நீண்டு, விரிசல்கள் அகன்று, உத்திரம் கண்ணுக்குத் தெரியும்படி தொய்ந்து, உள்ளிருப்பவர்களுக்கு வெளியேற நேரம் தரும். தகடு பெயரும்போது அந்த முன்னறிவிப்பு பெரும்பாலும் இல்லை. வலுவூட்டுவதாக நினைத்துச் செய்த வேலை, உத்திரத்தின் தாங்குதிறனைச் சற்றே கூட்டிவிட்டு அதன் எச்சரிக்கும் குணத்தை எடுத்துவிடக்கூடும் என்பதே இம்முறையில் நான் மிகவும் அஞ்சும் பகுதி.

பசையைப் பற்றியும் ஒரு சொல். கடினமான, விறைப்பான பசையே சிறந்தது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் முனையில் எழும் உச்சத் தகைவு பசையின் விறைப்பு கூடக் கூடுகிறது. பசை அடுக்கின் கனம் கூடக் குறைகிறது. சற்று நெகிழ்வான பசை விசையை நீண்ட தூரத்துக்குப் பரப்பித் தருகிறது. அதற்காக மிக மென்மையான பசையையும் நாட முடியாது. நிலையான பாரத்தின் கீழ் அது காலப்போக்கில் நழுவிக்கொண்டே போகும். தகட்டின் முனையைப் படிப்படியாக மெலியச் செய்வதும், முனையில் பிதுங்கும் பசையைச் சுரண்டி எடுத்துவிடாமல் சாய்வாக விட்டுவைப்பதும் உச்சத்தைத் தணிக்கும் எளிய வழிகள். வேலை நேர்த்தியாகத் தெரிய வேண்டும் என்று அந்தப் பசைச் சாய்வைச் சுத்தமாக வழித்துவிடும் பணியாளரைக் குறை சொல்ல முடியாது. அதன் பயனை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முனையை ஒழுங்காகக் கவனித்துவிட்டாலும் ஆபத்து முழுவதும் நீங்கிவிடுவதில்லை. உத்திரத்தின் நடுப்பகுதியில் வளைவால் விரிசல்கள் தோன்றுவது இயல்பு. ஒரு விரிசலைத் தாண்டும் இடத்தில் கான்கிரீட் இழுவிசையை விட்டுவிடுவதால் தகட்டின் மீது அது திடீரெனக் கூடுகிறது. விரிசலின் இரு ஓரங்களிலும் பிணைப்புத் தகைவு உச்சமடைகிறது. அங்கே தொடங்கும் பிரிவு தாங்குமுனையை நோக்கி ஓடும். கார்பன் இழைத் தகடுகளில் மிகுதியாகக் காணப்படுவது இவ்வகைப் பிரிவுதான். இங்கே தகைவைவிட ஆற்றலைக் கொண்டு சிந்திப்பதே பொருத்தம். கான்கிரீட்டின் மேல்தோலைத் தகட்டிலிருந்து பிரிக்க, ஒவ்வொரு சதுர மி.மீட்டருக்கும் தோராயமாக அரை நியூட்டன்–மி.மீ. ஆற்றல் போதும். அதைக் கொண்டு கணக்கிட்டால், பரவலாகப் பயன்படும் 1.2 மி.மீ. கனமுள்ள கார்பன் தகட்டை ஒரு முனையிலிருந்து இழுக்கும்போது, அது 370 மெகாபாஸ்கலுக்கு அருகிலேயே பிரியத் தொடங்கிவிடுகிறது. அத்தகட்டின் அறுவலிமையோ 2,800 மெகாபாஸ்கல்!

உத்திரத்தில் அடுத்தடுத்த விரிசல்கள் ஒன்றையொன்று ஓரளவு தாங்கிக்கொள்வதால் நிலைமை இதைவிட நன்றாகவே இருக்கும். அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் 440.2ஆர் வழிகாட்டியில் உள்ள சூத்திரத்தைப் பயன்படுத்தினால், 30 மெகாபாஸ்கல் அமுக்க வலிமையுள்ள கான்கிரீட்டில் இந்தத் தகட்டை ஏறத்தாழ 0.5 விழுக்காடு திரிபு வரை, அதாவது தன் நீளத்தில் அவ்வளவு நீளும் வரை, நம்பலாம். தகைவில் சொன்னால் 830 மெகாபாஸ்கல் அளவு. அப்போதும் தகட்டின் வலிமையில் பத்தில் மூன்று பங்குக்கு மேல் நமக்குக் கிடைப்பதில்லை. எஞ்சியது காகிதத்தில் மட்டும் இருக்கும் வலிமை. கார்பன் இழை எஃகைவிடப் பல மடங்கு வலிமையானது என்று எழுதும் ஒவ்வொருவரும் இந்த எண்ணையும் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. இரண்டும் வழக்கமான எண்ணத்துக்கு மாறானவை. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தகடு ஒட்டினால் தாங்கும் விசை இரட்டிப்பாவதில்லை, 1.4 மடங்கு அளவே கூடுகிறது. பணம் இரட்டிப்பு, பயன் பாதிக்கும் குறைவு. இரண்டாவதாக, கம்பியைப்போல் தகட்டையும் நீளமாக ஒட்டினால் பிடிப்பு கூடிக்கொண்டே போகும் என்று நினைப்பதும் தவறு. மேற்சொன்ன கார்பன் தகட்டுக்கு ஏறத்தாழ 19 செ.மீ. நீளமே பயனுள்ள பிணைப்பு நீளம். அதற்கு மேல் எவ்வளவு நீட்டினாலும் இழுத்துப் பிடிக்கும் விசை கூடாது. உள்ளே உள்ள கம்பியின் நங்கூர நீளத்துக்கான விதியை அப்படியே தகட்டுக்குப் பொருத்திக் கணக்கிட்ட வரைபடங்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றைத் திருத்தும்படி எழுதியும் இருக்கிறேன். தகட்டை நீட்டுவதற்கு வேறொரு நல்ல காரணம் உண்டு: வளைவு குறைவாக உள்ள இடத்தில் முனையைக் கொண்டு நிறுத்துவது. அந்தக் காரணத்துக்காகத் தாங்குமுனைக்கு எவ்வளவு அருகே செல்ல முடியுமோ அவ்வளவு செல்ல வேண்டும்.

முனையில் யு வடிவப் பட்டையைச் சுற்றி ஒட்டுவதும், எஃகுத் தகடாயின் ஆங்கர் போல்ட்டு போடுவதும் பரிந்துரைக்கத்தக்கவை. தகடு முடியும் இடத்தில் ஷியர் என்று களத்தில் வழங்கும் வெட்டு விசை, கான்கிரீட் தனியாகத் தாங்கக்கூடியதில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் இவ்வகைக் குறுக்குப் பிடிப்பு அவசியம் என்று முன்சொன்ன வழிகாட்டியே கூறுகிறது. ஆனால் போல்ட்டு பிரிவின் தொடக்கத்தைத் தடுத்துவிடும் என்று எண்ணக் கூடாது. பிரிவு தொடங்கிய பிறகு தகடு முற்றிலும் விழாமல் பிடித்து வைப்பதே அதன் பணி. அந்தச் சிறிது நேரம்தான் மக்கள் வெளியேறும் நேரம் என்பதால், போல்ட்டு செலவை மிச்சப்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. கார்பன் தகட்டில் துளையிட்டுப் போல்ட்டு போடுவது வேறு கதை. அது இழைகளை அறுத்துவிடும். அங்கே பட்டையே வழி.

கணக்கு எவ்வளவு திருத்தமாக இருந்தாலும், உத்திரத்தின் அடியில் ஏணி போட்டு நின்று தலைக்கு மேல் வேலை செய்பவரின் கையில்தான் பிணைப்பு உருவாகிறது. கான்கிரீட்டின் மேல் சிமென்ட் பால் படிந்த மெல்லிய ஏடு ஒன்று எப்போதும் இருக்கும். பழைய கட்டடமானால் சுண்ணாம்பும் பெயின்ட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்திருக்கும். கிரைண்டராலோ மணல்வீச்சாலோ ஜல்லி கண்ணுக்குத் தெரியும்வரை அதை அகற்றி, தூசியை உறிஞ்சி எடுத்து, ஈரமில்லை என்று உறுதி செய்த பிறகே பசை தடவ வேண்டும். உத்திரத்தின் அடிப்பக்கம் நேராக இருக்கிறதா என்பதும் முக்கியம். குழிவான இடத்தில் நேராக இழுபடும் தகடு, பாரம் ஏறும்போதெல்லாம் அவ்விடத்தில் கான்கிரீட்டைக் கீழ்நோக்கிப் பிய்த்துக்கொண்டே இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இழுத்துப் பிய்க்கும் சோதனை. கான்கிரீட்டின் மேல் ஒரு சிறு உலோக வட்டை ஒட்டி, அதைச் சுற்றி வட்டமாக அறுத்து, கருவியால் நேராக இழுத்துப் பார்ப்பதுதான் அது. குறைந்தது 1.4 மெகாபாஸ்கல் தாங்க வேண்டும், பிய்வது கான்கிரீட்டுக்குள் நிகழ வேண்டும் என்பது ஏற்கப்பட்ட அளவுகோல். பசையின் முகத்திலேயே பிரிந்தால் மேற்பரப்பு சரியாகத் தயாரிக்கப்படவில்லை என்று பொருள். கான்கிரீட்டின் அமுக்க வலிமை 17 மெகாபாஸ்கலுக்கும் குறைவாக இருந்தால் இம்முறையையே கைவிட வேண்டும்.

கம்பி துருப்பிடித்த உத்திரத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் வலுவூட்ட வேண்டிய பழைய உத்திரங்களில் பெரும்பாலானவற்றில் துரு இருக்கிறது. துரு விரிந்து கவர் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. வெளியே தெரியாவிட்டாலும் கம்பி மட்டத்தில் வெற்றிடம் உருவாகியிருக்கும். தகட்டின் விசை முழுவதும் கடந்து செல்ல வேண்டிய பாதை அதே கவர்தான். அதை அகற்றாமல், கம்பியைத் துப்புரவு செய்யாமல், புதிய பழுதுபார்ப்புக் கலவை இடாமல், மேலே பூசி மெழுகித் தகட்டை ஒட்டினால், ஏற்கெனவே பெயர்ந்துவிட்ட ஒரு தோலின் மேல் தகட்டை ஒட்டியிருக்கிறோம் என்றே பொருள். தட்டிப் பார்த்தாலே பொள்ளென்று ஒலிக்கும் இடத்தில் எந்தப் பசையும் உதவாது. எஃகுத் தகட்டுக்கும் இந்த ஆபத்து உண்டு. பிரிட்டனில் ஒட்டிய உத்திரங்களை ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் வைத்து நடத்திய சோதனைகளில், தகட்டின் வெளிமுகம் வர்ணத்தால் காக்கப்பட்டிருந்தும் பசையை ஒட்டிய உள்முகத்தில் துரு பரவியது கண்டறியப்பட்டது. கார்பன் இழைக்கு மக்கள் திரும்பியதற்கு எடை மட்டுமன்று, இதுவும் ஒரு காரணம்.

வெப்பத்தின் விளைவு இரண்டு வகை. கட்டுமானத்தில் பயன்படும் எபாக்சிப் பசைகள் 60 முதல் 80 டிகிரி செல்சியசுக்குள் கண்ணாடி போன்ற கடினத்தை இழந்து ரப்பர்போல் இளகிவிடுகின்றன. தீயில் இந்த வெப்பநிலை சில நிமிடங்களில் வந்துவிடும். தீக்காப்புப் பூச்சு இருந்தாலும் பசை நெடுநேரம் நிற்காது. ஆகவே தகடு முற்றிலும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும் உத்திரம் தன் எடையையும் அன்றாடப் பாரத்தின் பெரும்பகுதியையும் தாங்கி நிற்க வேண்டும். அந்தச் சோதனையில் தேறாத உத்திரத்துக்குத் தகடு ஒட்டுவது வலுவூட்டல் ஆகாது. அதற்கு வேறு முறை தேட வேண்டும். இரண்டாவது விளைவு மெல்லியது, ஆனால் அன்றாடமானது. கார்பன் தகடு நீளவாக்கில் வெப்பத்தால் ஏறத்தாழ விரிவதே இல்லை, கான்கிரீட் விரிகிறது. வெப்பநிலை 30 டிகிரி கூடும்போது, எந்தப் பாரமும் ஏறாமலேயே தகட்டில் இழுவிசை தோன்றி, முனையில் பாரத்தால் வரும் தகைவுடன் அதே திசையில் சேர்ந்துகொள்கிறது. எஃகும் கான்கிரீட்டும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிவதால் எஃகுத் தகட்டில் இந்தச் சிக்கல் மிகச் சிறிது.

தகடு ஒட்டுவதற்கு முன் உத்திரத்தின் பாரத்தைத் தாங்குகால் கொடுத்து இறக்கினார்களா என்பதையும் கேட்க வேண்டும். இறக்காமல் ஒட்டினால், பழைய பாரத்தில் ஒரு துளியையும் தகடு பகிர்ந்துகொள்ளாது. பிறகு ஏறும் பாரத்துக்கு மட்டுமே அது வேலை செய்யும்.

இம்முறைக்கு நான் எதிரானவன் அல்லன். இடிப்பதற்குப் பதில் ஒட்டிக் காப்பாற்றப்பட்ட பாலங்கள் பல பத்தாண்டுகளாக நன்றாக உழைத்து வருவதை அறிந்தே எழுதுகிறேன். முறையின் மேல் உள்ள மதிப்பால்தான், அதை வெறும் ஒட்டுவேலையாகக் காட்டும் போக்கு என்னை வருத்துகிறது. கட்டட உரிமையாளர்களும் குடியிருப்போர் சங்கங்களும் ஒப்பந்தம் போடும்போது, தகட்டின் வலிமை எவ்வளவு என்று கேட்பதை விட்டுவிட்டு, தகடு முடியும் இடத்தில் பிணைப்புத் தகைவு எவ்வளவு என்று கேட்க வேண்டும். எழுத்தில் அந்தக் கணக்கு இல்லாத வரைபடத்தை ஏற்கக் கூடாது. இழுத்துப் பிய்க்கும் சோதனையின் முடிவுகளையும், ஒட்டிய பின் சிறு சுத்தியலால் நீளம் முழுவதும் தட்டிப் பார்த்துக் குறித்த வெற்றிடங்களின் இருப்பிடத்தையும் கேட்டு வாங்க வேண்டும். நடுவில் ஓரிரண்டு சிறிய வெற்றிடங்களைப் பொறுத்துக்கொள்ளலாம். முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஒட்டி முடித்த பிறகு தகட்டின் மேல் பூச்சுப் பூசி வர்ணம் அடித்துவிடுவார்கள். சில ஆண்டுகளில் அங்கே தகடு இருப்பதையே எல்லோரும் மறந்துவிடுவார்கள். பிறகு மின்விசிறிக் கொக்கிக்கோ குழாய்க்கோ அதே இடத்தில் ஒருவர் துளையிடுவார். எனவே எந்த உத்திரத்தில், எங்கிருந்து எதுவரை, எத்தனை கனமுள்ள தகடு, எந்த நாளில் ஒட்டப்பட்டது என்பதைக் காட்டும் வரைபடத்தை ஒப்பந்ததாரர் உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அது கைக்கு வரும்வரை, பணி நிறைவுச் சான்றில் பொறியாளர் கையொப்பமிடக் கூடாது.

இப்படிக்கு,
கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர்